பாடுமீன் கதைய விஞ்ஞானமா செக் பண்ணுறது எப்பிடி

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடில மீன் பாடுது எண்டு நாம எல்லாரும் சொல்லுறம்தானே, அதச் சோதிக்கப் போறெண்டா முதல்ல என்ன நடந்தா இந்தக் கதை பிழையாகும் எண்டு எழுதி வைங்க, விஞ்ஞானத் தத்துவவாதி கார்ல் பொப்பர் 1934ல சொன்ன விஷயமே இதான். "மீனுக்கு விருப்பமெண்டா பாடும்" எண்டா அத ஆராலயும் பிழையாக்க ஏலாது, அத விட்டுருங்க. "பௌர்ணமி ராவுல மட்டும் கேக்கும்" எண்டா நல்லம், அமாவாசையிலயும் தோணில போய் துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மத்த நுனியக் காதுல வெச்சுக் கேளுங்க. கேட்டா அந்த "மட்டும்" போச்சு! பௌர்ணமிக்குக் கேக்காட்டி உடனே மீனப் பிழை சொல்லாதீங்க, காத்து, பாலத்து வாகனச் சத்தம், உங்கட காது எல்லாம் சேந்துதான் சோதனைக்குப் போகுது, எது சொதப்பினது எண்டு ஒரு ராவுல பிடிக்க ஏலா (பிரெஞ்சு பௌதிகவியலாளர் பியர் துஹேம் இத 1906லயே சொல்லிட்டார்). பாடுறது மீனா மட்டியா எண்டது வேற கேள்வி, அதுக்கு ஹைட்ரோஃபோன் (தண்ணிக்குள்ள சத்தம் பிடிக்கிற மைக்) வேணும்.