பழைய பிக்கப் வாங்கியதும் பிரேக் விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

பழைய பொலிரோ பிக்கப்போ தோஸ்தோ ஏஸோ, இப்படிச் சின்ன லோடு வண்டி வாங்குகிற பலர் முதல் வாரத்தில் பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், புதுத் தார்ப்பாய் எல்லாம் முடித்துவிட்டு நேராக லோடுக்குப் போய்விடுகிறார்கள். பிரேக் கொஞ்சம் கீழே இறங்கிப் பிடித்தால் “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்று அதற்கேற்ப காலைப் பழக்கிக்கொள்கிறார்கள். பெரிய தவறு இதுதான். வண்டி பழசு என்பதற்காக பெடல் இறங்காது, ஏதோ ஒன்று கெட்டிருப்பதால்தான் இறங்குகிறது.

எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. தரும் சான்றிதழ்) இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பதும் தவறு. 8 வருஷம் தாண்டிய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும், சரி. ஆனால் அந்தச் சான்றிதழ் சோதித்த அன்றைய நிலைமையைத்தான் சொல்லும். அதுவும் காலி வண்டியில் பார்த்தது. உங்களுக்கு வேண்டியது லோடோடு நிற்கிற பிரேக்.

அடுத்தது, என்ன கோளாறு என்று பார்க்காமலே “நாலு வீலுக்கும் லைனிங் (உராய்ந்து வண்டியை நிறுத்தும் தேய்பட்டை) மாத்திடுங்க” என்று சொல்வது. பெடலைக் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மெத்து மெத்தென்று இருந்து, இரண்டு மூன்று தடவை அடித்ததும் மேலே வந்தால் லைனில் காற்று இருக்கலாம், அல்லது பின் டிரம்முக்கும் அதன் உள்ளே லைனிங்கைத் தாங்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். ஒரே அழுத்தமாக மிதித்துக்கொண்டிருக்கும்போது மெல்ல மெல்லத் தரைக்குப் போனால், வெளியில் எங்கும் கசிவு இல்லாத பட்சத்தில் பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போயிருக்க வாய்ப்பு அதிகம். கல் மாதிரி இறுகி இருந்தால், வேக்குவத்தால் (காற்றை உறிஞ்சிய வெற்றிடத்தால்) மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் பக்கம் பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதித்து, அப்படியே அழுத்தியபடி ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டரோ, அதற்குப் போகும் ஹோஸோ, வேக்குவம் பம்போ வேலை செய்யவில்லை. டீசல் வண்டிகளில் இந்தப் பம்ப் பல நேரம் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே இருக்கும், அதனால் ஆல்டர்னேட்டரை மாற்றியவர் அதன் ஹோஸைச் சரியாக மாட்டினாரா என்றும் பார்க்க வேண்டும்.

பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றிவிட்டுப் போகிறார்களே, அது ஆபத்து. முன் டிஸ்க்கைப் பிடிக்கிற பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதைத் தாண்டிக் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பின் டயரின் உள்பக்கம் கை வைத்துப் பாருங்கள். நீர்த்த எண்ணெய் என்றால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது, கெட்டியாக கியர் ஆயில் வாடையோடு இருந்தால் ஆக்ஸில் சீல் கசிகிறது. எண்ணெய் குடித்த லைனிங்கை நெருப்பில் காட்டி, உப்புத்தாள் போட்டு மறுபடி மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் வெளியே வரும். கசிகிற சிலிண்டரையோ சீலையோ சரிசெய்து, ஷூவை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ கொஞ்சம்கூட பிரேக் டப்பாவுக்குள் போகக் கூடாது, ரப்பர் எல்லாம் ஊதிவிடும். வாஷரை டீசலில் கழுவுகிற பழக்கமும் அதே கெடுதலைத்தான் செய்யும். டப்பா மூடியில் டாட் 3, டாட் 4 என்று ஆயிலின் தரம் என்ன போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். முன்பு வைத்திருந்தவர் ஆயிலை எப்போது மாற்றினார் என்று தெரியாது இல்லையா, அதனால் பழசை முழுக்க வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புவது நல்லது. இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். ஊட்டியில் கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்குகிறவர் பிரேக்கிலேயே காலை வைத்து வந்தால் அந்தச் சூட்டில் பழைய ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் வெறுமனே உள்ளே போகும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதும், அதைவிட மோசமாக இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதும் உயிரோடு விளையாடுவது. இன்ஜின் நின்றால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் சில மிதிகளுக்குத்தான் வரும்.

பழைய பிக்கப்பில் பலரும் பார்க்காமல் விடுகிற இடம் இன்னொன்று இருக்கிறது. பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கு மேலே லோடு எவ்வளவு என்று உணரும் ஒரு லோடு சென்ஸிங் வால்வும், அதிலிருந்து ஆக்ஸிலுக்கு ஒரு கம்பியும் இருக்கும். வண்டி காலியாக இருக்கும்போது பின் வீல் லாக் ஆகாமல் இருக்க அது பின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும். லோடு ஏறி பாடி கீழே அமுங்கினால் முழு அழுத்தத்தையும் விடும். இப்போது முந்தைய ஓனர் ஓவர் லோடுக்காக ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்திருந்தால் என்ன ஆகும்? லோடு ஏற்றியும் பாடி அவ்வளவாக அமுங்காது. வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொண்டு, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் குறைத்தே அனுப்பும். முன் டிஸ்க் மட்டும் மொத்த பாரத்தையும் வாங்கி, முன் பேட் சீக்கிரம் சீக்கிரமாகத் தீரும். நீங்கள் பேட் கம்பெனியைக் குறை சொல்லிக்கொண்டு மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். பட்டையை எண்ணிப் பாருங்கள், அந்தக் கம்பி கழன்றோ வளைந்தோ கயிற்றால் கட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள், வால்வை கம்பெனி சர்வீஸ் அளவுக்கு செட் செய்யச் சொல்லுங்கள்.

பிரேக் விட்ட பிறகும் ஒரு வீல் மட்டும் பிடித்தபடி சூடாகிறதா? உடனே காலிப்பரை (பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) மாற்ற வேண்டாம். ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருந்தாலும் ஆயில் திரும்பி வராது. ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் நிப்பிளைத் தளர்த்தியதும் வீல் விடுபட்டால் ஹோஸ் மேல் சந்தேகப்படலாம். காலிப்பரைக் கழற்றும்போது ஹோஸிலேயே தொங்கவிடுகிறார்கள், கம்பி போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் அன்றைக்கே முழு லோடு ஏற்றிவிடாதீர்கள். முதலில் காலி வண்டியை ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள், அப்புறம் பாதி லோடில் சமதளத்தில் இரண்டு நாள் ஓட்டுங்கள். புது லைனிங் டிரம்மோடு படிய கொஞ்சம் ஓட வேண்டும், படிந்த பிறகு ஷூ இடைவெளியையும் ஹேண்ட்பிரேக்கையும் திரும்ப ஒரு முறை அட்ஜஸ்ட் செய்துவிட்டு மலைப்பாதைக்கு எடுங்கள்.