குச்சி முதல் கார்ட்ரிட்ஜ் வரை

ஒருவரின் டிஎன்ஏ அடையாளத்தை ஆய்வகம் இல்லாமலே எடுத்துத் தரும் ரேப்பிட் டிஎன்ஏ கருவியில் பொத்தானை அழுத்துவது எளிது. தவறு நடப்பதெல்லாம் அதற்கு முன்னால்தான். மாதிரி தருபவர் சாப்பிட்டிருந்தால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லிச் சற்றுப் பொறுங்கள். புதுக் கையுறை போட்டு, பஞ்சுக் குச்சியை உள்கன்னத்தில் அழுத்தி உருட்டி உருட்டித் தேயுங்கள். வெறும் எச்சில் போதாது, கன்னத்துச் செல்கள் வர வேண்டும். ஒருமுறை குச்சியைப் பிடித்துக்கொண்டே பேசினேன். முடிவில் இரண்டு பேரின் டிஎன்ஏ குறிகள் கலந்து வந்தன, ஒன்று என்னுடையது! இப்போது முகக்கவசம் இல்லாமல் தொடுவதில்லை.

சரி, பெயர்ச்சீட்டைச் சரிபார்த்துக் குச்சியைக் கருவிக்குள் போகும் சிறு பெட்டியான கார்ட்ரிட்ஜில் செருகுங்கள். அப்புறம் டிஎன்ஏவைப் பிரிப்பது, பெருக்குவது, எஸ்டிஆர் பகுதிகளை (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும், ஆளுக்கு ஆள் நீளம் மாறும் சிறு துண்டுகள்) அளப்பது எல்லாம் கருவியே சுமார் 90 நிமிடத்தில் முடித்துவிடும். பலர் தொட்ட கதவுப்பிடி, மங்கிய கறை போன்றவற்றில் எடுத்த மாதிரிகளை ஆய்வகத்துக்கே அனுப்புங்கள். இந்தக் கருவியில் போட்டால் இருக்கிற கொஞ்ச மாதிரியும் தீர்ந்துபோகலாம்.