லைவ் விஷுவல்ஸுக்கு எந்த டிரைவ் வாங்கலாம்?

விஜே பண்றவங்க (பாட்டுக்கு ஏத்தபடி வீடியோவை லைவா மாத்தி மாத்தி ஓட்டறவங்க), மேடைக்குப் பின்னாடி எல்இடி வால்ல வீடியோ ஓட்டறவங்க, எல்லாரும் மொதல்ல கேக்கறது "எந்த டிரைவ் ஃபாஸ்ட்?"னுதான். அதுக்கு முன்னாடி உங்க கிளிப்புங்க ஒரு செகண்டுக்கு எவ்ளோ டேட்டா கேக்குதுன்னு பாருங்க, அது தெரியாம பாக்ஸ்ல போட்டிருக்கற நம்பரைப் பாத்து வாங்கறதுல அர்த்தமே இல்ல.

எச்.264 (வழக்கமா எம்பி4 வீடியோல இருக்கற கம்ப்ரஷன்) ஃபைல் சின்னது, டிஸ்க்குக்கு பெருசா வேலை இருக்காது. ஆனா அதுல பெரும்பாலான ஃப்ரேம் பக்கத்து ஃப்ரேமை நம்பி இருக்கறதால, ரிவர்ஸ்ல ஓட்டினாலோ நடுவுல டக்குனு வேற எடத்துக்குத் தாவினாலோ சிபியு திணறும். அதனாலதான் லைவ்ல ஹேப், இல்லன்னா ரெசோல்யூம்ங்கற விஜே சாஃப்ட்வேரோட டிஎக்ஸ்வி மாதிரி கோடெக் (வீடியோவை சுருக்கி விரிக்கற முறை) போடறோம், ஒவ்வொரு ஃப்ரேமும் தனி ஃப்ரேம், அதை விரிக்கற வேலையில பெரும்பங்கை கிராபிக்ஸ் கார்டு பாத்துக்கும். பதிலுக்கு ஃபைல் பெருத்துப்போய் சுமை முழுக்க டிஸ்க் தலையில வந்து விழும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். சாதா ஹேப்ல ஒரு பிக்சலுக்கு அரை பைட், அப்ப 1920 x 1080 சைஸ்ல ஒரு ஃப்ரேம் சுமார் 1 எம்பி, 30 ஃப்ரேம்னா செகண்டுக்கு 31 எம்பி. ஹேப் க்யூ (தரம் கூடின வகை), ஹேப் ஆல்ஃபா (பின்னணி ஊடுருவித் தெரியற வகை) ரெண்டுக்கும் அதுல இரட்டிப்பு, 62 எம்பி. இதுக்கு மேல ஸ்நாப்பின்னு ஒரு கம்ப்ரஷன் இருக்கு, ஆனா துகள் துகளா பறக்கற கிளிப்புல அதனால பெருசா குறையாது, அதனால முழு நம்பரையே வெச்சு கணக்கு போடுங்க. 4கே-ன்னா நாலு மடங்கு, 60 ஃப்ரேம்னா இன்னொரு இரட்டிப்பு. இப்ப மூணு லேயர் (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின வீடியோ) ஓட்டறீங்க, மூணுலயும் ஒரே நேரத்துல கிளிப் மாத்தறீங்கன்னு வைங்க, ஃபேட் ஆகற அந்த நேரத்துல பழசும் புதுசும் சேந்து ஓடும், அதாவது ஆறு கிளிப். எல்லாமே 1080 ஹேப் க்யூன்னா செகண்டுக்கு 370 எம்பிக்கு மேல போயிடும். இந்த உச்சத்துக்குத்தான் டிரைவ் வாங்கணும், சாதாரணமா ஓடற நேரத்துக்கு இல்ல, அதுலயும் ஒரு மடங்கு மிச்சம் இருக்கற மாதிரி பாத்துக்கோங்க.

சுத்தற ஹார்ட் டிஸ்க்கை இந்த வேலைக்கு விட்டுடுங்க. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரே ஃபைலை நேரா படிச்சா 150, 200 எம்பி தரும், ஆனா ஆறு ஃபைலுக்கு நடுவுல ஹெட் தாவித் தாவி படிக்கணும், ஒரு தாவலுக்கு கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட், ஸ்பீடு சரிஞ்சுடும். இன்னொண்ணு சத்தம். 2008-ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல இருந்த பிரெண்டன் கிரெக் டிஸ்க் அடுக்கு முன்னாடி நின்னு கத்தி, அந்த நொடியில டிஸ்க் தாமதம் எகிறறதை கிராஃப்லயே காட்டினாரு. வெறும் குரலுக்கே அப்படின்னா சப்வூஃபர் பக்கத்துல என்ன ஆகும்னு யோசிங்க.

சாட்டா எஸ்எஸ்டி (பழைய வகை கனெக்ஷன்ல வர்றது) செகண்டுக்கு அதிகபட்சம் 550 எம்பி, 1080 ஷோவுக்கு ஓகே, மேல சொன்ன ஆறு கிளிப் மாதிரி வந்தா கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும். என்விஎம்இ (பிசிஐஇ வழியா ஓடற வேகமான எஸ்எஸ்டி) எடுத்தா கவலையே இல்ல, ஜென் 3, அதாவது பிசிஐஇ மூணாவது தலைமுறை டிரைவே 3500 எம்பி வரைக்கும் தரும். ஜென் 4 அதுக்கும் இரட்டிப்பு, ஆனா 1080 ஷோவுல அந்த வித்தியாசம் ஸ்க்ரீன்ல தெரியாது, அந்தக் காசுக்கு கெப்பாசிட்டியை ஏத்திக்கோங்கன்னுதான் நான் சொல்லுவேன். வெல கம்மியான க்யூஎல்சி (ஒரு செல்லுல நாலு பிட் அடைக்கற வகை) டிரைவ் நிறைய எழுதும்போதுதான் மந்தமாகும், ஷோவுல நாம படிக்கத்தானே போறோம், அதனால பரவாயில்ல. ஷோவை ரெக்கார்ட் பண்றீங்கன்னா மட்டும் அதை வேற டிரைவ்ல போடுங்க.

எக்ஸ்டர்னல் டிரைவ்னா கேபிளைத்தான் மொதல்ல சந்தேகப்படணும். டைப் சி கேபிள் எல்லாம் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா போன் சார்ஜர் கூட வர்ற கேபிள் பல நேரம் யூஎஸ்பி 2 ஸ்பீடுதான், எவ்ளோ நல்ல எஸ்எஸ்டியா இருந்தாலும் 40 எம்பி தாண்டாது. 10 ஜிகாபிட் போர்ட், 10 ஜிகாபிட் கேபிள், 10 ஜிகாபிட் பெட்டி (எஸ்எஸ்டியை உள்ள வெக்கற கேஸ்), மூணும் சேந்தாத்தான் 1000 எம்பி கிட்ட வரும். ஜிகாபிட்டை ஜிகாபைட்டுன்னு நெனச்சுடாதீங்க, எட்டால வகுக்கணும்.

வாங்கினதும் கிறிஸ்டல் டிஸ்க் மார்க்ல (டிஸ்க் ஸ்பீடை அளக்கற விண்டோஸ் சாஃப்ட்வேர்) ஒரு தடவை பாருங்க, அதோட நிறுத்தாம உங்க நெஜ கிளிப்பையே எல்லா லேயர்லயும் போட்டு அரை மணி நேரமாவது மாத்தி மாத்தி ஓட்டுங்க, ஏன்னா சின்ன பெட்டிக்குள்ள இருக்கற என்விஎம்இ சூடு ஏறினா தானாவே ஸ்பீடைக் குறைச்சுக்கும். ஒரே கிளிப்பை திரும்பத் திரும்ப ஓட்டினா அது ரேம்ல இருந்தே வந்துடும், டிஸ்க்கை சோதிச்ச மாதிரியே ஆகாது, உங்க ரேமை விட பெரிய கிளிப் கூட்டமா எடுத்துக்கோங்க. விண்டோஸ்னா பவர் செட்டிங்ல டிஸ்க் தூங்கறதை ஆஃப் பண்ணுங்க.

கடைசியா, அதே கிளிப்பெல்லாம் இன்னொரு எஸ்எஸ்டில காப்பி பண்ணி பையில வெச்சுக்கோங்க. மேக்ல ரெண்டு டிரைவுக்கும் ஒரே பேரு, விண்டோஸ்ல ஒரே டிரைவ் லெட்டர், ஃபோல்டரும் அதே மாதிரி. அப்பத்தான் நடுவுல டிரைவை மாத்தி மாட்டினாலும் சாஃப்ட்வேர் கிளிப்பைக் காணோம்னு தேடாம அப்படியே எடுத்துக்கும்.