கவசத் தகடு வாங்கும் முன் அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

மோதல் நடக்கும் பகுதிக்குப் படமெடுக்கப் போக வேண்டி வந்தபோதுதான் எனக்கென்று கவசத் தகடு, அதாவது குண்டைத் தாங்க மார்பில் அணியும் கெட்டியான தகடு, தேடினேன். தகட்டைக் கேரியருக்குள் (தகட்டைத் தாங்கும் மேலங்கி) செருகுவதெல்லாம் பார்த்தாலே புரியும், அதை இங்கே எழுதவில்லை. ஆனால் உங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம்.

1. எந்தக் குண்டுக்கு?

கைத்துப்பாக்கிக்கு மென்கவசம் (வளையும் இழைகளால் ஆன கவசம்) போதும். ரைஃபிள் என்றால்தான் தகடு. அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு அமைப்பான என்.ஐ.ஜே. வகுத்த தரத்தில் பழைய மூன்றாம் நிலை 7.62×51 எம்80 என்ற ரைஃபிள் குண்டைத் தாங்கும். நான்காம் நிலை, கவசம் துளைக்கும் .30-06 எம்2 ஏ.பி. குண்டைத் தாங்கும். மூன்றாம் நிலை எல்லா ரைஃபிளுக்கும் போதும் என்று நினைக்காதீர்கள். எம்80-ஐ நிறுத்தும் பாலிஎத்திலீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) தகட்டை, அதைவிடச் சிறிய, எஃகு முனை வைத்த எம்855 குண்டு துளைத்துவிடலாம். எஃகுத் தகட்டுக்கோ வேகமாக வரும் எம்193 குண்டு ஆபத்து. இதனால்தான் 2023-இல் வந்த புதிய தரத்தில் ரைஃபிள் நிலைகளை ஆர்.எஃப்.1, ஆர்.எஃப்.2, ஆர்.எஃப்.3 என்று பிரித்தார்கள். எம்855 சோதனை ஆர்.எஃப்.1-இல் இல்லை, ஆர்.எஃப்.2-இல்தான் இருக்கிறது. 'மூன்று ப்ளஸ்' என்பது விற்பவர்கள் வைத்த பெயர், என்.ஐ.ஜே. நிலை அல்ல.

2. லேபிள்

நான் தவறியது இங்கேதான். எடை குறைவு, நான்காம் நிலை என்று பார்த்தவுடன் வாங்கிவிட்டேன். வீட்டில் திருப்பிப் பார்த்தால் 'ஐ.சி.டபிள்யூ.' என்று மூன்றெழுத்து. பின்னால் மென்கவசம் இருந்தால்தான் அந்தத் தகடு அதன் நிலைக்குரிய பாதுகாப்பைத் தரும் என்று அதற்குப் பொருள். என்னிடம் மென்கவசமே இல்லை! விற்பவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சோதனைக்கூடத்தில் தகட்டுக்குப் பின்னால் களிமண் வைத்துச் சுடுவார்கள். குண்டு நின்றால் மட்டும் போதாது, களிமண்ணில் விழும் குழி 44 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஐ.சி.டபிள்யூ. தகடு அந்தச் சோதனையில் தேறியது மென்கவசத்தோடு சேர்ந்து. அதை எடுத்துவிட்டால் குழி எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை, அந்தக் குழி விழப்போவது உங்கள் நெஞ்சில். மென்கவசம் இல்லாதவர்கள் 'ஸ்டாண்ட் அலோன்' (தனியாகவே பாதுகாக்கும்) என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். மாடல் எண்ணை என்.ஐ.ஜே. சான்றளித்த பட்டியலில் தேடுங்கள். 'என்.ஐ.ஜே. தரப்படி சோதித்தது' என்பது வேறு, சான்று பெற்றது வேறு.

3. எந்தப் பொருள்?

எஃகு வேண்டாம் என்பேன். எடை அதிகம், அதைவிட, மோதிச் சிதறும் குண்டின் துணுக்குகள் தாடைக்கும் கைக்கும் பாய்கின்றன. முன்னால் செராமிக், பின்னால் பாலிஎத்திலீன் வைத்த, உடம்போடு ஒட்டும்படி பல வளைவுள்ள தகடுதான் என் தேர்வு.

4. அளவு

மேல் விளிம்பு, இரண்டு காறை எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தொண்டைக்குழியில் நிற்க வேண்டும். அகலம் மார்புக் காம்பிலிருந்து காம்பு வரை. வயிறும் மறையட்டும் என்று பெரிதாக வாங்கினால் உட்காரும்போது தகடு கழுத்தில் இடிக்கும். இதயமும் நுரையீரலும் மறைவதுதான் முக்கியம்.

5. வீட்டுச் சோதனை

சுட்டுப் பார்க்காதீர்கள். சுட்ட தகடு அதோடு முடிந்தது, அடுத்த தகட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது. எடை லேபிளோடு ஒத்துப்போகிறதா, உறை கிழிந்திருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். செராமிக் தகட்டை இரு ஓரமும் பிடித்து மெல்ல முறுக்கிக் காதருகே வையுங்கள். நறநறவென்று கேட்டால் உள்ளே விரிசல். சத்தம் இல்லை என்பதற்காக நம்பிவிடவும் முடியாது. கீழே விழுந்த தகட்டுக்கு எக்ஸ்ரே எடுப்பதே சரி.

பின்சேர்க்கை: பாலிஎத்திலீன் தகட்டைக் காரிலேயே வைத்திருக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டார். கூடாது. மூடிய கார் வெயிலில் கொதிக்கும், அந்தச் சூட்டில் நெடுநாள் கிடந்தால் தகடு பலவீனப்படலாம். வீட்டுக்குள் நிழலில் படுக்க வையுங்கள், மேலே எதையும் அடுக்காதீர்கள்.