இரண்டு சம்பளம் வரும் வீட்டுக்கு எந்தக் கடனட்டை?

கடனட்டை எடுக்கப் போனால் வங்கியில் முதலில் கையில் தருவது சலுகைப் பட்டியலைத்தான். கொழும்பு ஹோட்டல்களில் இரவுச் சாப்பாட்டுக்குக் கழிவு, கட்டுநாயக்கவில் லவுஞ்ச் வசதி, தென்கரை விடுதிகளில் அறைக்கு அரைவிலை. யாழ்ப்பாணத்தில் இருந்து இரண்டு பேரும் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இதில் முக்கால்வாசி உதவாது. பலாலியால் சென்னைக்குப் பறக்கிறவருக்குக் கட்டுநாயக்க லவுஞ்ச் எதற்கு? அதனால் அட்டைகளை ஒப்பிட முதல், உங்கள் வீட்டுச் செலவில் எவ்வளவு உண்மையாகவே அட்டை இயந்திரத்தின் ஊடாகப் போகிறது என்று பாருங்கள். அந்தத் தொகை பலர் நினைப்பதைவிடச் சிறியது.

கடந்த மூன்று மாதச் செலவை ஒரு கொப்பியில் எழுதி இரண்டாகப் பிரியுங்கள். திருநெல்வேலிச் சந்தை மரக்கறி, பாசையூர் மீன், ரியூசன் காசு, பிள்ளை பார்க்கிறவருக்குக் கொடுப்பது, ஓட்டோ, கோயில், சீட்டு: இவையெல்லாம் கைக்காசு. வீட்டுக்கடன் தவணை கணக்கில் இருந்து நேரே கழியும். வங்கிச் செயலியில் சேமிப்புக் கணக்கை இணைத்து லங்கா கியூஆர் மூலம் கட்டுவதும் கடனட்டைச் செலவாகாது. மிஞ்சுவது சுப்பர்மார்க்கெட், பெற்றோல், பாமசி, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, இணையம், இடைக்கிடை உடுப்பும் வீட்டுப் பொருட்களும்தான்.

உதாரணத்துக்கு, மாதம் 2 இலட்சம் செலவழிக்கும் ஒரு வீட்டில் அட்டையில் போகக்கூடியது இப்படி வரலாம்: சுப்பர்மார்க்கெட் 35,000, பெற்றோல் 18,000, பாமசி 6,000, கட்டணங்கள் 16,000, மற்றவை 10,000. மொத்தம் 85,000 ரூபா. அட்டையைத் தெரிவு செய்வது இந்த 85,000க்குத்தான்.

அதிலும் ஒரு வெட்டு விழும். ஒவ்வொரு கடைக்கும் அட்டை வலையமைப்பில் ஒரு வகைக் குறியீடு உண்டு. எரிபொருள், மின்சாரம் போன்ற கட்டணங்கள், காப்புறுதி, அரச கொடுப்பனவுகள், வொலட் நிரப்புதல் ஆகிய குறியீடுகளுக்குப் பொயின்டும் (பரிசாக மாற்றக்கூடிய புள்ளி) கேஷ்பேக்கும் (செலவழித்ததில் ஒரு பங்கு திரும்ப வருவது) இல்லை என்று பல அட்டைகளின் நிபந்தனையில் இருக்கும். அப்படியான அட்டை என்றால், மேலே உள்ள கணக்கில் பெற்றோலையும் கட்டணங்களையும் கழிக்க 51,000 மட்டுமே மிஞ்சும். கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்து இந்தக் குறியீட்டை ஊகிக்க முடியாது. பலசரக்குக் கடைபோலத் தெரிவது மொத்த வியாபாரமாகப் பதிவாகியிருக்கலாம். பாமசி வைத்தியசாலையின் கீழ் வரலாம். முதல் மாதம் சிறிய தொகைக்கு வாங்கி, ஸ்டேட்மென்டில் பொயின்ட் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி.

சலுகை எந்த வடிவில் வருகிறது?

மூன்று வடிவம் உண்டு: பொயின்ட், கேஷ்பேக், குறித்த நாளில் குறித்த கடையில் கழிவு. மூன்றையும் வருடத்துக்கு எத்தனை ரூபா என்று மாற்றினால்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கீழே வரும் வீதங்களும் கட்டணங்களும் கணக்குக் காட்டுவதற்காக எடுத்தவை. உங்கள் வங்கி சொல்லும் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

100 ரூபாவுக்கு ஒரு பொயின்ட், ஒரு பொயின்டின் பெறுமதி 50 சதம் என்றால் அது அரை வீதம். 51,000க்கு மாதம் 255 ரூபா, வருடம் 3,060. வருடாந்தக் கட்டணம் 3,000 என்றால் கையில் மிஞ்சுவது 60 ரூபா. பொயின்டின் பெறுமதியை வங்கி நேரடியாகச் சொல்லாவிட்டால் பரிசுப் பட்டியலை எடுங்கள். 5,000 ரூபா வவுச்சருக்கு எத்தனை பொயின்ட் கேட்கிறார்கள் என்று பார்த்து, 5,000ஐ அந்த எண்ணால் வகுத்தால் விடை வந்துவிடும். ஒரே பொயின்டுக்கு வவுச்சரில் ஒரு பெறுமதி, ஸ்டேட்மென்டில் கழிக்கும்போது வேறு பெறுமதி, விமான மைல்களாக மாற்றினால் இன்னொரு பெறுமதி இருப்பதும் வழமை. காலாவதித் திகதியையும், மாற்றுவதற்குக் குறைந்தது எத்தனை பொயின்ட் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். செலவு குறைந்த வீட்டில் அந்தக் குறைந்த எண்ணிக்கை சேருவதற்குள்ளேயே பழைய பொயின்ட்கள் காலாவதியாகிவிடும்.

கேஷ்பேக்கில் பெறுமதிக் குழப்பம் இல்லை, உச்சவரம்புதான் சிக்கல். சுப்பர்மார்க்கெட்டுக்கும் பாமசிக்கும் 1 வீதம் என்றால் 41,000க்கு மாதம் 410 ரூபா, வருடம் 4,920. கட்டணம் 3,500ஐக் கழித்தால் 1,420. ‘5 வீதம் கேஷ்பேக்’ என்று பெரிதாக எழுதி, கீழே சின்ன எழுத்தில் ‘மாதம் 500 ரூபா வரை’ என்று இருந்தால், அது முதல் 10,000 ரூபாவுக்கு மட்டுமான சலுகை.

மூன்றாவதுதான் இலங்கையில் பெரிய எண்களைக் காட்டும். வாரத்தில் ஒரு நாள் சுப்பர்மார்க்கெட்டில் மரக்கறி, பழத்துக்கு 20 வீதக் கழிவு, பில் 5,000க்கு மேல் இருக்கவேண்டும் என்று ஒரு சலுகையை எடுப்போம். வாரம் 3,000 ரூபாவுக்கு மரக்கறி வாங்கினால் 600 ரூபா கழியும், வருடத்தில் 30,000ஐத் தாண்டும். ஆனால் யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதே மரக்கறி திருநெல்வேலியிலோ சுன்னாகத்திலோ 2,500க்குக் கிடைக்குமென்றால், கழிவுக்குப் பிறகு நீங்கள் கொடுக்கும் 2,400 மிச்சப்படுத்தியது 600 அல்ல, 100. வருடத்தின் 52 வாரத்துக்கு 5,200. அப்போதும் மற்ற இரண்டையும்விட நல்லதுதான். ஆனால் 5,000 என்ற எல்லையை எட்டுவதற்காகத் தேவையில்லாத இரண்டு பிஸ்கட் பெட்டி கூடையில் விழுந்தால் அந்த நூறும் போய்விடும். கழிவு மாவுக்கும் பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் கிடைக்குமா, மரக்கறிக்கு மட்டுமா என்பதையே முதலில் கேளுங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்காத பொருளுக்குக் கிடைக்கும் கழிவுதான் எங்களுக்கு முழுப் பெறுமதியானது.

இன்னும் இரண்டைச் சரிபாருங்கள். சலுகையில் யாழ்ப்பாணக் கிளை சேருமா? ‘தெரிவு செய்யப்பட்ட கிளைகளில் மட்டும்’ என்ற வரி பல விளம்பரங்களில் இருக்கும். சலுகை எப்போது முடிகிறது? இப்படியான கழிவுகள் பெரும்பாலும் குறுகிய காலத்துக்கானவை. வருடக் கட்டணம் கட்டி எடுக்கும் அட்டையை மூன்று மாதச் சலுகைக்காகத் தெரிவு செய்யாதீர்கள்.

யாருடைய பெயரில்?

ஒருவர் பிரதான அட்டையும் மற்றவர் துணை அட்டையும் எடுத்தால் செலவு முழுவதும் ஒரு கணக்கில் சேரும். வருடத்தில் குறித்த தொகைக்கு மேல் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி என்ற நிபந்தனையை எட்டுவது இலகு, பொயின்டும் சிதறாது. ஆனால் கடன் பொறுப்பு முழுவதும் பிரதான அட்டைக்காரருடையது. கிறிப் என்று சொல்லும் கடன் தகவல் பணியகத்தில் பதிவாவதும் அவருடைய கணக்காகவே இருக்கும். துணை அட்டையை வருடக்கணக்காக ஒழுங்காகப் பாவித்த மனைவிக்கோ கணவருக்கோ, நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது அந்த வரலாறு பெரிதாக உதவாது.

இருவரும் வேறு வேறு வங்கியில் பிரதான அட்டை எடுத்தால், ஒருவரின் அட்டைக்கு ஒரு நாளும் மற்றவரின் அட்டைக்கு இன்னொரு நாளும் கழிவு கிடைக்கும். கட்டணம் இரண்டு, கடைசித் திகதி இரண்டு, மறதிக்கும் இரண்டு வாய்ப்பு. மாதம் 85,000 அளவில் செலவழிக்கும் வீட்டுக்கு எங்கள் தெரிவு முதல் வருடம் ஒரு பிரதான அட்டையும் ஒரு துணை அட்டையும். கணக்கு பழகிய பிறகு, கட்டணம் இல்லாத இரண்டாவது அட்டையை மற்றவரின் பெயரில் எடுக்கலாம்.

விண்ணப்பத்துக்குத் தேசிய அடையாள அட்டை, அண்மைய சம்பளச் சிட்டைகள், சம்பளம் விழும் கணக்கின் கூற்று, முகவரிக்கு ஒரு கட்டணப் பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வங்கி பார்ப்பது விண்ணப்பிப்பவரின் வருமானத்தையும் கிறிப் அறிக்கையையும். சக ஊழியரின் கடனுக்குப் பிணை வைத்திருந்தால் அதுவும் அந்த அறிக்கையில் வரும். அவர் தவணை பிந்தினால் உங்கள் விண்ணப்பமும் தட்டுப்படலாம். ஒரே வாரத்தில் நான்கு வங்கிக்கு விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு விசாரணையும் பதிவாகும், காசுக்கு அலைகிறார் என்ற தோற்றம் வரும்.

திகதியும் வட்டியும்

பில் மூடும் திகதியை, அதாவது அந்த மாதக் கணக்கை வங்கி முடித்துப் பில் போடும் நாளை, சம்பளத்தோடு பொருத்துங்கள். சம்பளம் 25ஆம் திகதி விழுகிறது, பில் மூடி 20 நாளில் கட்டவேண்டும் என்றால், மாதத்தின் 8ஆம், 9ஆம் திகதியளவில் மூடும் பில் வசதியானது. கடைசித் திகதி 28, 29இல் வரும், காசும் கையில் இருக்கும். பில் மூடிய மறுநாள் வாங்கும் பொருளுக்கு ஏறக்குறைய 50 நாள் வட்டியில்லாத அவகாசம். மூடுவதற்கு முதல் நாள் வாங்கினால் 20 நாள்தான்.

இந்த அவகாசம் முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு மட்டுமே. 85,000இல் 75,000 கட்டி 10,000ஐ மிச்சம் விட்டால், வட்டி அந்தப் பத்தாயிரத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வழமையான நிபந்தனைப்படி, ஒவ்வொரு பொருளையும் வாங்கிய நாளில் இருந்து முழுத் தொகைக்கும் வட்டி ஓடும். வருட வட்டி 26 வீதம், சராசரி 35 நாள் என்று வைத்தால் 2,100 ரூபா தாண்டும். மேலே பார்த்த கேஷ்பேக்கில் ஐந்து மாதத்துச் சேமிப்பு ஒரே பில்லில் போய்விடும். ஆகவே சம்பளக் கணக்கில் இருந்து தானாகக் கட்டும் அறிவுறுத்தலைக் கொடுங்கள். படிவத்தில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்ற பெட்டியில் அல்ல, ‘100 வீதம்’ என்ற பெட்டியில் அடையாளமிடுங்கள். ஏரிஎம்மில் கடனட்டையால் காசு எடுக்கவே வேண்டாம்: கட்டணம் உடனே, வட்டியும் அன்றைக்கே.

0 வீதத் தவணைக்கும் ஒரு வார்த்தை. குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போது முதலில் கைக்காசு விலையைக் கேளுங்கள், பிறகு தவணையைப் பற்றிப் பேசுங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசமும் வங்கியின் கையாளுகைக் கட்டணமும்தான் உண்மையான வட்டி. தவணைக் கொள்வனவுக்குப் பொயின்ட் கிடைக்காத அட்டைகள் பல.

கஸ்தூரியார் வீதியில் நகை வாங்கும்போது அட்டைக்கு 3 வீதம் கூட என்று கடைக்காரர் சொன்னால், 4 இலட்சத்துக்கு அது 12,000 ரூபா. அரை வீதப் பொயின்டால் திரும்ப வருவது 2,000. அட்டைக்காக மேலதிகமாக அறவிடக்கூடாது என்பது இயந்திரம் கொடுத்த வங்கியோடு கடை செய்துகொண்ட உடன்படிக்கை. பற்றுச்சீட்டோடு உங்கள் வங்கிக்கு முறையிடலாம், தீராவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைக்கலாம். ஆனால் நகைக்கடையில் விலை பேசும் இடம் செய்கூலியும் சேதாரமும் என்பதால், அட்டைக்காசை வேறு பெயரில் அதற்குள் போட்டுவிடவும் கூடும். கைக்காசுக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டே அட்டையை வெளியே எடுங்கள்.

சென்னைக்கு வைத்தியத்துக்கோ கலியாணச் சாமானுக்கோ போகிறவர்கள் கவனிக்க: அங்கே இயந்திரம் ‘இலங்கை ரூபாவா, இந்திய ரூபாவா’ என்று கேட்டால் இந்திய ரூபாவையே தெரிவு செய்யுங்கள். இலங்கை ரூபாவைத் தெரிவு செய்தால் மாற்றுவீதத்தை அங்குள்ளவர்கள் தீர்மானிப்பார்கள், அது அநேகமாக மோசமானது. எதைத் தெரிவு செய்தாலும் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு உங்கள் வங்கியும் கட்டணம் எடுக்கலாம். போக முன் அதன் வீதத்தைக் கேட்டு எழுதிவையுங்கள்.

ஒரு வருடம் முடிய ஒரு மாதத்துக்கு முன் ஸ்டேட்மென்ட்களை எடுத்து, கிடைத்த சலுகையையும் கட்டிய கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள். கட்டணம் அதிகமென்றால் வங்கியின் அட்டைப் பிரிவுக்கு அழைத்துத் தள்ளுபடி கேளுங்கள். அட்டையை மூடப்போகிறோம் என்று சொன்ன பிறகு தள்ளுபடி கிடைப்பது புதினமல்ல. மூடுவதாகவே முடிவெடுத்தால் பொயின்ட்களை முதலில் மாற்றுங்கள். அந்த அட்டையில் தானாகக் கழியும் இணையக் கட்டணம் போன்றவற்றை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். நிலுவை பூச்சியம் ஆனதும் துணை அட்டையையும் சேர்த்து எழுத்தில் மூடச் சொல்லுங்கள். கணக்கு மூடப்பட்டதற்கான கடிதத்தை வாங்கி வைத்து, சில மாதம் கழித்துக் கிறிப் அறிக்கையில் அது மூடியதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.