பழைய மௌசருக்குப் புதுக் குழல்: எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது?

புதுச்சேரியின் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்) குடும்பங்களில் பிரான்சில் குடியேறி, அங்கே சுடும் கிளப்பில் சேர்ந்து, ஜெர்மானிய மௌசர் போன்ற பழைய ராணுவ ரைஃபிள் வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. விடுமுறைக்கு ஊர் வந்தால் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "குழல் தேஞ்சு போச்சு. புதுசு போடும்போது .308 போட்டுக்கலாமா?" .308 என்பது கடையில் கிடைக்கும், அழுத்தம் கூடிய ஒரு தோட்டா ரகம். பெரும்பாலும் வேண்டாம் என்பதே என் பதில். புதுக் குழல் போட்டாலும் போல்ட்டும் (தோட்டாவின் பின்னால் அடைத்து நிற்கும் உருளை) ரிசீவரும் (குழலும் போல்ட்டும் பொருந்தும் உடற்பகுதி) நூறு வருடப் பழசுதானே.

முதலில் சட்டம். புதுச்சேரியிலேயே வசிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1959 ஆயுதச் சட்டப்படி, உரிமம் பெற்ற பட்டறை தவிர வேறு யாரும் துப்பாக்கியை மாற்றியமைக்கக் கூடாது. .303 போன்ற ராணுவ ரகங்கள் பொதுமக்களுக்குத் தடை. இங்கே .315 பரவியதே அதனால்தான்.

1. கையில் இருப்பது எந்த மாடல்?

மௌசர் என்றால் எல்லாம் ஒன்றில்லை. 1898 மாடலில் போல்ட்டின் பின்பக்கம் மூன்றாவதாக ஒரு பாதுகாப்பு லக் (போல்ட்டை ரிசீவரில் பூட்டும் புடைப்பு) உண்டு. தோட்டாவின் கேஸ் (பித்தளை உறை) கிழிந்தால் வாயுவை முகத்துக்கு வராமல் திருப்பிவிடும் ஏற்பாடும் உண்டு. ஸ்பெயினின் 1893 மாடலில் முன்னால் இரண்டு லக் மட்டுமே. வாயுவைச் சமாளிக்கும் ஏற்பாடும் குறைவு. பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ என்ஃபீல்டில் லக்குகள் பின்னால் இருப்பதால், அழுத்தத்தில் போல்ட் கொஞ்சம் அமுங்கும். மாடல் பெயரும் ஆண்டும் ரிசீவரில் பொறித்திருக்கும், அதைப் படியுங்கள்.

2. அழுத்தம் வேறு, போல்ட்டின் மேல் விழும் தள்ளுவிசை வேறு

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். அழுத்தத்தைத் தோட்டா அடிப்பகுதியின் பரப்பால் பெருக்கினால் தள்ளுவிசை வரும். அமெரிக்கத் தர வரம்புகளை வைத்து, தோட்டாவின் வெளிவிட்டத்தில் கணக்கிட்டேன். உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். முதல் எண் அழுத்தம் (பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு), இரண்டாவது தள்ளுவிசை.

.308 வின்செஸ்டர்: 62,000 பிஎஸ்ஐ, சுமார் 4.9 டன்.
7×57 மௌசர்: 51,000 பிஎஸ்ஐ, சுமார் 4 டன்.
.223 ரெமிங்டன்: 55,000 பிஎஸ்ஐ, சுமார் 2.8 டன்.
.30-30: 42,000 பிஎஸ்ஐ, சுமார் 2.7 டன்.
.45-70: 28,000 பிஎஸ்ஐ, சுமார் 2.5 டன்.

.45-70 தடித்த தோட்டா, ஆனாலும் லக்குகளுக்கு அதுதான் சுகம். .223 தள்ளுவிசையில் சாது. ஆனால் அதன் அழுத்தம் 7×57-ஐவிட அதிகம். கேஸ் கிழிந்தால் அந்த வாயு முழுக்க உங்கள் முகத்தைத் தேடி வரும். அதனால் இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பழைய ரிசீவர்களின் உருக்கு பெரும்பாலும் வெளித்தோல் மட்டும் கடினம், உள்ளே மென்மை. அதிக அழுத்தத்தில் ஒரேயடியாக வெடிக்காமலும் போகலாம். லக்குகள் ரிசீவருக்குள் மெல்ல மெல்லப் பதியும், ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் குழலில் தோட்டா நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) கூடிக்கொண்டே போகும், கடைசியில் கேஸ் கிழியும். "பத்து குண்டு சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்பதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

3. மேகசினுக்குள் போகுமா?

காகிதத்தில் .30-30 அருமை. ஆனால் அதன் அடியில் துருத்தும் விளிம்பு உண்டு; மௌசர் மேகசினில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். சயாம் நாட்டு மௌசரில் .45-70 போடுவார்கள். அந்த மேகசின் விளிம்புத் தோட்டாவுக்கென்றே செய்யப்பட்டது. மற்றபடி 7×57-இல் பிறந்த ரிசீவருக்கு 7×57 தோட்டாவே போதும். மேகசினில் கை வைக்கவே வேண்டாம்.

4. நாளைக்கு யார் சுடப்போகிறார்?

நீங்கள் மென்மையான தோட்டா மட்டும் போடுவீர்கள், சரி. துப்பாக்கி கைமாறினால்? குழலில் .308 என்று எழுதியிருந்தால், கடையில் கிடைக்கும் எந்த .308-ஐயும் புது ஆள் போட்டுவிடுவார். எனவே கடையில் விற்கும் மிகக் காரமான தோட்டாவையும் அந்த ரிசீவர் தாங்க வேண்டும்.

5. பட்டறைக்குக் கொண்டுபோகும்போது

முடிவெடுக்கும் முன் லக் பதிந்த தடமும் விரிசலும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பதிந்திருந்தால் அந்த ரிசீவரைச் சுவரில் மாட்டிவிடலாம், செலவு மிச்சம். நன்றாக இருந்தால் குழல் மாற்றியபின் ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைத்து அளக்க வேண்டும். பிரான்சில் குழல் மாற்றிய துப்பாக்கி சாந்த் எத்தியேன் சோதனைக் கூடத்துக்கும் போக வேண்டும். அங்கே அந்தத் தோட்டாவின் உச்ச வரம்பைவிட 25 விழுக்காடு கூடுதல் அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துவார்கள். முத்திரை விழும்வரை தோளில் வைத்துச் சுடாதீர்கள்.