விண்மீன் மங்கினால் நம்பாதீர்கள்: டெஸ் தரவில் கோள் தேடும் வழி

வாணியம்பாடியில் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பகலில் பேரேடு, ராத்திரியில் விண்மீன். காவலூர் வானாய்வகம் பக்கத்து மலையில்தான் இருக்கிறது, ஆனால் எனக்கென்று ஒரு தொலைநோக்கி கிடையாது. இருந்திருந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கட்டிக்கொண்டால் மூலையில்தான் கிடந்திருக்கும். மேகத்துக்கு மேலே சுற்றும் டெஸ்ஸுக்கு அந்தக் கவலை இல்லை. 2018 ஏப்ரலில் நாசா ஏவிய அந்தத் தொலைநோக்கியின் அளவுகள் மாஸ்ட் என்ற காப்பகத்தில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. பட்டம் கேட்பதில்லை, பதிவுகூடக் கேட்பதில்லை.

தேடுவது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2012 ஜூன் 6 காலை சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி நகர்ந்ததை வெள்ளைத்தாளில் பிம்பம் விழவைத்துப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், மிளகு அளவில் ஒரு கரும்புள்ளி. வேறொரு விண்மீனுக்குக் குறுக்கே அதன் கோள் போய் இதே இடைநகர்வு நடந்தால் மிளகு தெரியாது. ஒளி கொஞ்சம் குறைந்து, சில மணி நேரத்தில் பழையபடி ஏறுவது மட்டும் தெரியும். நேரம் ஒரு பக்கம், ஒளி ஒரு பக்கம் என்று வரைந்த படத்துக்கு ஒளிவளைவு என்று பெயர். அதில் ஒழுங்கான இடைவெளியில் வரும் பள்ளத்தைத்தான் தேடுகிறோம்.

உங்கள் கணினி பழசாக இருந்தால் பரவாயில்லை. பிரவுசரிலேயே நிரல் ஓட்ட உதவும் கூகுள் கொலாப் தளத்தைத் திறந்து, பைதான் நிரல்மொழியில் லைட்கர்வ் என்ற தொகுப்பை நிறுவிக்கொண்டால் போதும். ஒரு விண்மீனின் ஒரு செக்டார் ஒளிவளைவு 2 எம்பி அளவுதான். செக்டார் என்பது டெஸ் ஒரே திசையில் சுமார் 27 நாள் வெறித்துப் பார்க்கும் வானத்துண்டு.

புது விண்மீனில் ஆரம்பிக்காதீர்கள். விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்த்துக் கை பழக்க வேண்டும். நான் எல்லோருக்கும் சொல்வது வாஸ்ப்-18 என்ற விண்மீன். 2009-ல் அறிவிக்கப்பட்ட கோள் அதைச் சுற்றுகிறது, பள்ளம் கண்ணாலேயே தெரியும். டெஸ் பட்டியலில் அதன் எண் 100100827. இந்த எண்ணைக் கொடுத்துத் தேடினால் நிறைய வரிகள் வந்து மிரட்டும். டெஸ் தரவைப் பதப்படுத்தும் நாசாவின் ஸ்பாக் குழு தயாரித்தது, 120 விநாடிக்கு ஓர் அளவு, செக்டார் 2 என்று வடிகட்டி அந்த ஒன்றை மட்டும் இறக்குங்கள்.

படம் வரைந்ததும் கிடைமட்ட அச்சில் 1354-க்கு அருகில் எண்கள் தொடங்கும். வானியலில் நாட்களை ஒரே தொடராக எண்ணும் ஜூலியன் நாளில் 2457000-ஐக் கழித்த கணக்கு அது. நடுவில் ஓர் ஓட்டை இருக்கும். ஒரு செக்டாரில் டெஸ் பூமியை இரண்டு முறை சுற்றுகிறது. பூமிக்கு அருகில் வரும்போது தரவை அனுப்பத் திரும்பிக்கொள்கிறது, அதனால் அந்த ஓட்டை. ஓட்டையின் இரு கரையிலும் தெரியும் ஏற்ற இறக்கங்களை நம்ப வேண்டாம்.

கோப்புக்குள் ஒளி இரண்டு விதமாக இருக்கும்: கருவி அளந்தபடியே உள்ள ஒன்று, கருவியின் கோளாறுகளை நீக்கிய இன்னொன்று. எங்கள் தொழிலில் சொன்னால் முதலாவது கச்சாக் குறிப்பு, இரண்டாவது தணிக்கை முடிந்த பேரேடு. தேடுவதைப் பேரேட்டில் தேடுங்கள். ஏதாவது சிக்கினால் கச்சாக் குறிப்பிலும் அது இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது சமன் செய்வது. விண்மீனின் சொந்த ஏற்ற இறக்கத்தை எடுத்துவிட்டு வளைவைத் தட்டையாக்கும் கட்டளை இது. இங்கேதான் எனக்கு ஒரு வாரம் போனது. ஒரு தடவைக்கு எத்தனை புள்ளிகளைச் சேர்த்துப் பார்ப்பது என்பதுதான் ஜன்னல் அகலம். லைட்கர்வில் அது தானாகவே 101 புள்ளி. 2 நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்றால் 202 நிமிடம், அதாவது மூன்றரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. வாஸ்ப்-18 கோளின் இடைநகர்வே இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது. ஜன்னல் அவ்வளவு குறுகினால் பள்ளத்தையும் விண்மீனின் குணம் என்று எண்ணிச் சமன் செய்துவிடும். பள்ளம் ஏன் இவ்வளவு ஆழம் குறைந்திருக்கிறது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம். 401 வைத்துப் பாருங்கள், 13 மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். ஒற்றைப்படை எண்ணாக இருக்கட்டும். அப்புறம், துருத்தி நிற்கும் புள்ளிகளை வெட்டும்போது மேலே நிற்பதை மட்டும் வெட்டுங்கள். கீழே வெட்டினால் நீங்கள் தேடிவந்த பொருளையே குப்பையில் போடுகிறீர்கள்.

பிறகு பெட்டி முறைத் தேடல். வெவ்வேறு கால இடைவெளியில் வளைவைத் துண்டாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, எதில் பெட்டி போன்ற பள்ளம் தெளிவாக விழுகிறது என்று கணினி பார்க்கும். அரை நாள் முதல் 10 நாள் வரை தேடச் சொல்லுங்கள். 0.94 நாளில் உச்சம் வர வேண்டும். 1.88 வந்தால் பதற வேண்டாம், இரட்டிப்பாகப் பிடித்திருக்கிறது. பாதியாக்கி மடித்துப் பாருங்கள். அந்தக் கோளுக்கு ஒரு வருடம் என்பது நம் கணக்கில் 22 மணி 36 நிமிடம்.

மடித்த படத்தில் பள்ளம் சுமார் 1 சதவீதம். அதன் வர்க்கமூலம் 0.1, அதாவது கோளின் விட்டம் விண்மீனின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. சூரியன் வியாழனைவிடக் குறுக்களவில் ஏறத்தாழ 10 மடங்கு. வாஸ்ப்-18 சூரியனைவிட 1.2 மடங்கு பெரிது. ஆகக் கோள் வியாழனைப் போல 1.2 மடங்கு. முதல் தடவை இதைக் கால்குலேட்டரில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எடை மட்டும் இதிலிருந்து வராது. அதற்கு நிறமாலையில் விண்மீனின் ஆட்டத்தை அளக்க வேண்டும். அப்படி அளந்ததில் வியாழனைப் போல 10 மடங்கு என்று தெரிந்திருக்கிறது.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. புது விண்மீனுக்குப் போனதும் பள்ளம் கிடைக்கும், நிறையவே கிடைக்கும். அது என்ன என்பதில்தான் அடி சறுக்கும். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைப்பதை அளக்கக் காவலூரில் காத்திருந்தவர்களும், மறைப்புக்கு முன்பே ஒளி குறைந்ததைக் கண்டு, புதிய துணைக்கோள் என்றுதான் முதலில் எண்ணினார்கள். மற்ற இடங்களில் எடுத்த அளவுகளோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் வளையங்கள் என்று தெளிவானது. அவர்களுக்கே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு விண்மீனில் அழகான பள்ளம், சரியான இடைவெளி. ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போட்டுத் தங்கை மகனை எழுப்பிவிட்டேன். இயற்பியல் படிக்கிறான். எல்லாம் கேட்டுவிட்டு, "மாமா, பக்கத்துல என்ன நட்சத்திரம் இருக்குன்னு பாத்தீங்களா?" என்றான். பார்க்கவில்லை. டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 விகலை (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு ஒரு விகலை). முழுநிலவின் குறுக்கே சுமார் 85 பிக்சல்தான் அடங்கும். அவ்வளவு பெரிய கட்டத்துக்குள் நாலைந்து விண்மீன் கலந்துவிடலாம். பிக்சல் கோப்பை இறக்கி ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி வளைவு வரைந்தேன். பள்ளம் என் விண்மீனில் இல்லை, மூலையில் இருந்த மங்கலான ஒன்றில் இருந்தது. இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று மறைக்கும் ஜோடி அது. அவற்றின் ஆழமான பள்ளம் என் விண்மீனின் ஒளியில் கரைந்து, கோள் வேஷம் போட்டிருக்கிறது. "சரி, தூங்கு மாப்பிள்ளை" என்று வைத்துவிட்டேன்.

ஆகவே பிக்சலும் பக்கத்து விண்மீனும்தான் முதல் சோதனை. விண்மீன்களின் இடங்களைத் தரும் கையா பட்டியலில், ஒரு கலை, அதாவது 60 விகலை, வட்டத்துக்குள் இருப்பதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒற்றை வரிசைப் பள்ளங்களையும் (1, 3, 5) இரட்டை வரிசைப் பள்ளங்களையும் (2, 4, 6) தனித்தனியே மடியுங்கள். ஆழம் வேறுபட்டால் அது விண்மீன் ஜோடி. பள்ளத்தின் அடி தட்டையாக இல்லாமல் கூராக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். இரண்டு பள்ளத்துக்கு நடுவே சின்னப் பள்ளம் தெரிந்தாலும் பெரும்பாலும் ஜோடிதான், ஆனால் எப்போதும் அல்ல. வாஸ்ப்-18-லேயே அப்படி ஒன்று உண்டு, பத்து லட்சத்தில் 340 பங்கு அளவில். கொதிக்கும் அந்தக் கோள் விண்மீனுக்குப் பின்னால் போகும்போது அதன் சொந்த ஒளி குறைவதால் வருவது அது. கடைசியாக, டெஸ் தன் திசையைப் பிடித்து நிறுத்தும் சுழல் சக்கரங்களைச் சில நாளுக்கு ஒருமுறை தளர்த்தும்போது படம் லேசாக ஆடும். உங்கள் பள்ளங்கள் அந்த நேரங்களோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

எல்லாம் தாண்டினால், கோளாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுபவற்றைத் தொகுத்துவைக்கும் எக்ஸோஃபாப் பட்டியலில் தேடுங்கள். பத்துக்கு ஒன்பது அங்கே ஏற்கெனவே இருக்கும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கணினி கோட்டைவிடுவது ஒரே ஒரு பள்ளம் மட்டும் விழும் விண்மீன்களை. இடைவெளி தெரியாததால் மடிக்க முடியாது. அங்கே மனிதக் கண்ணுக்கு இன்னும் வேலை இருக்கிறது. பொதுமக்கள் ஆய்வுக்குக் கைகொடுக்கும் ஸூனிவர்ஸ் தளத்தில் பிளானட் ஹண்டர்ஸ் டெஸ் என்ற திட்டத்தில் இந்த வேலையை யாரும் செய்யலாம், பைதான்கூட வேண்டாம்.

நான் ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதிவைக்கிறேன்: விண்மீன் எண், செக்டார், பள்ளத்தின் நேரம், ஆழம், நீளம், பக்கத்து விண்மீன்கள், யாருக்குச் சொன்னேன். கடைசிக் கட்டம் பதினோரு மணி போனுக்குப் பிறகு சேர்த்தது. இப்போது ஒரே ஒரு வரி முடிவாகாமல் நிற்கிறது. ஒன்பது மணி நேரம் நீண்ட ஒற்றைப் பள்ளம், பக்கத்தில் விண்மீன் எதுவும் இல்லை, டெஸ் அந்தப் பக்கம் இன்னும் திரும்பவில்லை. கடைசிக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.